நானூறு பேரைத் தெரிந்தவர்

நகராட்சிக் கணினிப் பிரிவின் தலைவருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பெயர் கைகுலுக்கி. பதினாறு வருட சர்வீஸில் மனுஷன் கீபோர்டைத் தொட்டதைவிட அடுத்தவர் கையைத் தொட்டதுதான் அதிகம். உள்ளாட்சிக் கணினி அலுவலர்கள் எங்கே கூடினாலும் முதல் வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் நானூறு பேர். எவனாவது பதவி உயர்வு வாங்கினால் முதல் பூங்கொத்து இவருடையது. யாராவது உருப்படியாக ஒரு சந்தேகம் கேட்டால் மட்டும் ஆள் கப்சிப்.

"இத்தனை பேரைத் தெரியும்னு பீத்திக்கிறீங்க. வீட்ல வைஃபை போனா நான் மாடி வீட்டு அக்காவைத்தான் கூப்பிட வேண்டியிருக்கு" என்பாள் மனைவி.

"உனக்குப் புரியாது. நெட்வொர்க்கிங் வேற, இது வேற" என்பார். வேறேதான், அதிலென்ன சந்தேகம்.

போன வருடக் கூட்டத்தில் இவரும் பக்கத்து நகராட்சியின் கணினித் தலைவரும் மேடையேறி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இந்த ஊர்ப் பதிவுகளின் நகல் அங்கே இருக்கும், அந்த ஊருடையது இங்கே இருக்கும். ஓரிடத்தில் இயந்திரம் படுத்தால் மற்ற இடம் காப்பாற்றும். கைதட்டல், கேடயம், போட்டோ. அதோடு சரி.

பிறப்பு இறப்புப் பதிவுகளைப் பதினோரு வருடமாகக் கணினியில் ஏற்றிவந்த ஆபரேட்டரம்மா இரண்டு முறை கேட்டாள், "சார், காப்பி அனுப்பிட்டோமா?"

"அதான் ஒப்பந்தம் போட்டாச்சேம்மா" என்று அவள் வாயை அடைத்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை சர்வர் படுத்துவிட்டது. வந்து பார்த்த மெக்கானிக், "இதுல இனி ஒண்ணும் தேறாது சார்" என்று உதட்டைப் பிதுக்கினான். காகிதப் பதிவேடுகளைக் கரையான் தின்று முடித்து வெகுகாலமாகிறது. ஊரில் பிறந்தவன் பிறந்ததற்கும் செத்தவன் செத்ததற்கும் இனி அந்த நகல்தான் சாட்சி.

"பதறாதீங்க, நமக்கு ஆள் இருக்கு" என்று கைகுலுக்கி பக்கத்து ஊர்த் தலைவரை அழைத்தார். தன் செல்வாக்கு எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டார்.

"தலைவரே, எங்க காப்பி உங்ககிட்ட இருக்குல்ல?"

"நீங்க அனுப்பவே இல்லையே."

"நீங்களே எடுத்துக்குவீங்கன்னு..." இவருக்கு வாய் குழறியது. ஆபரேட்டரம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சரி விடுங்க, பேசிக்கலாம்" என்றார் அந்தத் தலைவர். "எங்களோடது உங்ககிட்ட பத்திரமா இருக்குல்ல? நாளைக்கு இங்க பழைய சர்வரை அழிச்சிட்டுப் புதுசு போடறோம்."

அந்த ஊர் நகல் வந்திருந்தாலும் காலையில் படுத்த சர்வரோடு அதுவும் போயிருக்கும். கைகுலுக்கி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பத்திரமா இருக்கு தலைவரே" என்று சொல்லி லைனைத் துண்டித்தார். த்தூ!

ஆபரேட்டரம்மா எழுந்து வந்தாள். "அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தி உக்காந்து ஏத்தியிருப்பா சார்" என்றாள். அவர் கையிலிருந்த ஃபோனைக் கேட்காமலே வாங்கி, அதே எண்ணை மறுபடி அழுத்தினாள்.