அக்கா சொன்ன இரண்டு சாட்சிகள்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும், சபையாருக்கும், அக்காவின் தெருக்காரர்களுக்கும் தம்பியின் வணக்கம். நான் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு மகஜர் எழுதத் தெரியும், மலர்க் கட்டுரை எழுதத் தெரியாது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"இதையெல்லாம் எழுதணுமா மாமா?" என்று ராணுவத்தில் இருக்கும் மருமகன், அக்காவின் ஒரே மகன், போனில் கேட்டான். அவனுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. நாளைக்கு யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற பயம் அவனுக்கு. "உங்கம்மா சபை நடுவுல நின்னு மைக்குல சொன்னதத்தானலே எழுதப் போறேன்" என்றேன். பிறகு, "சரி மாமா, எழுதுங்க" என்றான்.

அக்கா பிறந்தது மம்சாபுரத்தில். அப்பாவுக்குச் சொற்ப நிலம். மழை இருந்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் கூலி வேலை. அம்மாவும் வேலைக்குப் போய்விடுவதால் என்னை வளர்த்தது அக்காதான். நான் பயந்தாங்கொள்ளி. போலீஸ் வேலைக்கு ஆர்டர் வந்த அன்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நாய் குலைச்சா எம் பாவாடைக்குள்ள ஒளியுற பய போலீசாம், ஊரு வெளங்கிரும்" என்றார். ஊரில் எல்லாரும் சல்யூட் அடித்த காலத்திலும் அக்காவுக்கு நான் அந்தப் பயல்தான்.

ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் நூற்பாலைத் தொழிலாளி. வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். அக்கா வீட்டிலேயே மிஷின் போட்டு, தளவாய்புரத்து வியாபாரிகளுக்கு நைட்டி தைத்துக் கொடுத்தார். கடன் உடன் இல்லாமல் குடும்பம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பது அக்காவின் குரல்தான்.

மருமகன் பத்தாவது படித்த வருடம் அந்த நோய் வந்தது. தையல் மிஷின் சத்தத்துக்குள் யாரோ தன்னை வைகிறார்கள் என்று அக்கா சொல்ல ஆரம்பித்தார். முதலில் சிரித்தோம். பிறகு மிஷினைத் தொடுவதில்லை, சோற்றைத் தொடுவதில்லை, தூங்குவதில்லை. எங்கள் அம்மா, மகளை ஏதோ பிடித்துவிட்டது என்று ஒரு ஜெபவீட்டில் கொண்டு போய் வைத்தார். அங்கே தலையில் கை வைத்து ஓங்கிய குரலில் ஜெபித்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே சத்தத்துக்குப் பயந்து கிடந்தவர் காதில் இன்னும் சத்தம். நான் பார்க்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் நெஞ்சை அறுக்கிறது. "தம்பி, எனக்குப் பேயில்லலே. இல்லைன்னு சொன்னா, பேய்தான் அப்படிச் சொல்லுதுங்காக. நான் என்னத்தச் சொல்ல?"

அத்தான்தான் ஒரு காலையில் வந்து, யாரிடமும் கேட்காமல், அக்காவைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். அங்கே மனநலம் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். மாத்திரை கொடுத்தார். அக்காவிடம் அவர் கேட்டது, "உங்களால இப்ப என்னம்மா செய்ய முடியுது?" என்பது ஒன்றுதான். "பாட்டு மட்டும் மனசுக்குள்ள வருது" என்றார் அக்கா. "அப்ப பாடுங்க. கோவிலுக்குப் போங்க, நாலு பேரோட உக்காருங்க. மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க" என்றார் டாக்டரம்மா.

கோவிலுக்குப் போகும் தெம்பு அக்காவுக்கு இல்லை. அதனால் கோவில் வீட்டுக்கு வந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் மத்தியான வேளைகளில் வந்து உட்கார்ந்தார்கள். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவர்கள் புத்தி சொல்லவில்லை, பிசாசை அதட்டவில்லை. மெதுவாகப் பாடினார்கள். தைத்து முடியாமல் கிடந்த நைட்டிகளை ஒருவர் எடுத்துத் தைப்பார், இன்னொருவர் நூல் பிசிறு வெட்டுவார், பாட்டு பாட்டுக்கு நடக்கும். மாதங்கள் போய், ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே அக்கா இரண்டாவது சரணத்தைச் சேர்ந்து பாடினார். அத்தான் அடுக்களைக்குள் போய் அழுதார். மருந்து பிடித்ததா, பாட்டு பிடித்ததா என்று என்னைக் கேட்டால், இரண்டும் இல்லாமல் எங்கள் அக்கா எழுந்திருக்க மாட்டார் என்றுதான் சொல்வேன்.

இங்கேயே நிறுத்தினால் நல்ல மலர்க் கட்டுரைதான். ஆனால் அக்கா இங்கே நிறுத்தவில்லை.

குணமான பிறகு வந்த நன்றி ஆராதனையில் அக்காவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எங்கள் பக்கம் சாட்சிக்கு ஓர் அச்சு உண்டு. 'டாக்டர்மார் கைவிட்டாக, கர்த்தர் கைவிடல' என்ற வரி இல்லாமல் யாரும் சாட்சி சொல்லி நான் கேட்டதில்லை. கால் சுளுக்குக்கும் அந்த வரி வந்துவிடும். அக்கா சின்ன வயது முதல் கேட்டு வளர்ந்த வரி. மைக்கைப் பிடித்ததும் வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தானின் சட்டைப் பையில் அன்றைக்கு மத்தியானம் அக்கா சாப்பிட வேண்டிய மாத்திரை இருந்தது. அவரும் ஸ்தோத்திரம் சொன்னார். யாருக்கும் அது தவறாகவே படவில்லை.

அன்று பின்வரிசையில் மகாராஜபுரத்திலிருந்து ஒரு தாய் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் சபையைச் சேர்ந்தவர் அல்ல. மகள் முத்துலட்சுமிக்கு இதே மாதிரி நோய். ஏறாத கோவில் இல்லை, கட்டாத கயிறு இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணும் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடமே மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மருந்து அவளைத் தூங்கித் தூங்கி விழவைக்கிறதே என்று தாய்க்கு மனவேதனை. அக்காவின் சாட்சியைக் கேட்டார். வீட்டுக்குப் போய் அதை மகளிடமும் சொல்லி, அவளுடைய மாத்திரைகளைக் கிணற்றில் போட்டார்.

சில வாரங்கள் கழித்து அவர் விசாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். "அக்கா, நீங்க சொன்னத நம்பித்தான் மருந்த நிப்பாட்டினேன். இப்ப பிள்ள தனக்குத்தானே பேசுது, அடுப்புல தண்ணியக் கொட்டுது. உங்களுக்குக் கேட்ட சாமி எங்களுக்குக் கேக்கலயே. நீங்க வந்து ஒரு வார்த்த ஜெபம் பண்ணுங்க" என்றார்.

அப்போதே கிளம்பினோம். மகாராஜபுரத்தில் அந்தப் பெண் அழுக்குப் பாவாடையோடு வாசலில் குந்தியிருந்தாள். நல்ல களையான பெண். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து தன் மாத்திரையை எடுத்து, அவள் கண் முன்னே விழுங்கித் தண்ணீர் குடித்தார். "இந்தா பாரு தாயி, நானும் இதத்தான் திங்கேன். தெனமும் திங்கேன். நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

அவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தெளிவாகக் கேட்டாள்.

"பொறவு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

விடிந்ததும் ஆட்டோவோடு வருவதாக அவள் அம்மாவிடம் அக்கா சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் நாங்கள் ஆட்டோவோடு போனபோது அவள் வீட்டில் இல்லை. விடியும் முன்பே எழுந்து போயிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

நான் போலீஸ்காரன். 'காணவில்லை' என்ற புகார் எப்படி எழுதப்படும், எப்படித் தூங்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன், எழுப்பிக்கொண்டே இருந்தேன். அடையாளம் தெரியாத பெண் சடலம் என்று எங்கிருந்தாவது தகவல் வந்தால் முதலில் நான் மட்டும் போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து, "அவ இல்ல" என்பேன். அக்காவும் அந்தத் தாயும் பெருமூச்சு விடுவார்கள். பிறகு இருவருமே அழுவார்கள். காக்கிச் சட்டை போட்டிருந்தும் என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அவள் காணாமல் போன அடுத்த ஞாயிறு, ஆராதனை முடியும் தறுவாயில் அக்கா தானாக எழுந்து போய் மைக்கை வாங்கினார். "நன்றி ஆராதனையில நான் பொய் சொல்லிட்டேன். டாக்டர்மார் என்னையக் கைவிடல. நான் தெனமும் மாத்திரை சாப்பிடுதேன். நீங்க வந்து பாடுனதும் எனக்கு வேணும், அந்த மாத்திரையும் வேணும். ரெண்டையும் கர்த்தர்தான் தந்தாரு. அதுல ஒண்ண நான் மறைச்சிட்டேன். அதனால ஒரு பிள்ளையக் காணல." இந்தச் சாட்சிக்கு ஸ்தோத்திரம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எங்கள் சபைப் போதகர் ஐயர்வாள் எழுந்து நெடுநேரம் ஜெபித்தார். வெளியே வந்ததும் ஒரு பெரியம்மா, "இத மைக்குல சொல்லணுமாட்டி? நம்ம குடும்பத்துப் பேரு என்னாவும்?" என்று கடிந்துகொண்டார். ஆனால் அதற்குப் பிறகு இரண்டொரு குடும்பத்தார் ஓசைப்படாமல் அக்காவிடம் வந்து, அந்த ஆஸ்பத்திரி எது என்று கேட்டார்கள். அக்கா கூடவே போய்க் காட்டிக் கொடுத்தார்.

அதுமுதல் அக்காவும் மகாராஜபுரத்தம்மாவும் சேர்ந்து தேடினார்கள். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குக் கூட்டம் தேரைப் பார்க்கும், இவர்கள் இருவரும் கூட்டத்தைப் பார்ப்பார்கள். மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமியைக் கும்பிட அந்த அம்மா உள்ளே போனால், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்களை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துக்கொண்டு அக்கா வெளியே நிற்பார். எங்கள் சபை விருந்தான அசனப் பந்தியில் அந்த அம்மா அதே போல் தேடுவார். இப்படி வருடங்கள் போயின.

இந்தத் துக்கத்தில் அக்காவுக்கு நோய் திரும்பிவிடும் என்று அத்தானும் நானும் பயந்தோம். திரும்பவில்லை. ஜெபத்தையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை. ஆனால் நிம்மதி வந்ததா என்று கேட்டால், வரவில்லை. ஒருமுறை ஆறுதலாக, "ஆண்டவர் உன்னைய மன்னிச்சிருப்பாருக்கா" என்றேன். "அது அன்னைக்கே மன்னிச்சிட்டாருலே. எனக்குத் தெரியும். அவ எங்க இருக்கான்னு மட்டும் சொல்ல மாட்டேங்காரு" என்றார். இதற்கு எந்தப் போதகர் வந்து என்ன பதில் சொல்வார்?

சென்ற ஆண்டு இதய வீக்கம் என்றார்கள். மூச்சு வாங்கியது. ராஜபாளையத்திலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் கடைசிவரை கைவிடவில்லை. இதை அழுத்தி எழுதும்படி அத்தான் சொன்னார். சங்கத்து அம்மாமார் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். அக்காவின் உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. அன்று பொழுது சாயும் நேரம் போய்விட்டார்.

அடக்கத்துக்கு மகாராஜபுரத்தம்மா வந்தார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் அழுத அழுகை எங்கள் அழுகையை அடக்கிவிட்டது. "அக்கா, எம் பிள்ளையத் தேட இனி எங்கூட யாருக்கா வருவா?" என்றார். நான் வருகிறேன் என்றேன். என் முழங்கால் இருக்கிற நிலை அவருக்கும் தெரியும்.

அக்காவைப் பிழைக்கவைத்த டாக்டரம்மாவுக்கும், பாடிய சங்கத்து அம்மாமாருக்கும், ஒருநாளும் தவறாமல் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து நின்ற அத்தானுக்கும், ஐயர்வாளுக்கும், பெட்டி சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நன்றி என்ற சொல் போதாது.

உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். கோவில் வாசல், பஸ் நிலையம், ரயிலடி எங்கேயாவது மாநிறமாக, இடது புருவத்தில் வெட்டுத் தழும்போடு ஒரு பெண்ணைப் பார்த்தால், முத்துலட்சுமி என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். இப்போது தலை நரைத்திருக்கலாம். திரும்பிப் பார்த்தால் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். முதலில் சாப்பிட ஏதாவது வாங்கிக் கொடுங்கள். எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவளுடைய அம்மா இன்னும் மகாராஜபுரத்தில்தான் இருக்கிறார், வீட்டை மாற்றவில்லை என்று அவளிடம் சொல்லுங்கள்.