புளி போட்டுத் துலக்கிய குழாய்

பக்கவாதத்தில் கணபதிக்கு வலப்பக்கம் விழுந்து பேச்சும் போன பிறகு, அவர் தானாகச் செய்துகொள்ள ஒரே ஒரு காரியம்தான் மிஞ்சியது. பின்கட்டுக் குளியலறையின் பீங்கான் தொட்டிக்குள் உட்கார்ந்து, இடது கையால் பித்தளைக் குழாயைத் திறப்பார். நெஞ்சளவு நிரம்பியதும் மூடுவார். சோறு ஊட்டுவதும் வேட்டி கட்டிவிடுவதும் அவர் மனைவி ஆவுடையாள். தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும் அவர் முடிவு செய்தார்.

ஆவுடையாள் திருமயத்துக்குப் பக்கத்து ஊரிலுள்ள இந்த வீட்டுக்கு வாழ வந்தவள். கணவரின் நூல் வியாபாரத்தோடு ஈரோட்டுக்குப் போய், மகள் சுபாவை வளர்த்துப் பெங்களூரில் கட்டிக்கொடுத்து, அவர் விழுந்த பிறகு திரும்பி வந்தவள். ஈரோட்டில் கத்திரிக்காய் வாங்குவதென்றாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவாள். சில நாள் அது கசந்ததுண்டு. இப்போது கேட்க ஆள் இருந்தது, பதில்தான் இல்லை. அதனால் அவர் குழாயைத் திருகும்போது அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். உதவிக்குப் போகமாட்டாள்.

ஆடி மாதத்தில் குழாய் சொட்ட ஆரம்பித்தது. சொட்டை நிறுத்துவதற்காகக் கணபதி தினமும் இன்னும் கொஞ்சம் இறுக்கினார். ஒரு நாள் அது அப்படியே பிடித்துக்கொண்டது. சொட்டும் நிற்கவில்லை, குழாயும் திறக்கவில்லை. அவர் அதன் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் வெறுந்தொட்டியில் உட்கார்ந்திருந்தார்.

வீடு ஐந்து பங்காளிகளுக்குப் பொது. சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் எல்லோரையும் கேட்க வேண்டும். சென்னையில் இருக்கும் தேனப்பன் கணபதிக்குச் சிறிய தகப்பனார் மகன்; அண்ணன் மனைவி என்பதால் ஆவுடையாளை அண்ணமிண்டி என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் ஆவுடையாள் போனில் சொன்னாள்.

"ரிப்பேர் பண்ண முடிஞ்சாப் பண்ணுங்க அண்ணமிண்டி. முடியலைன்னா டம்மி போட்டு அடைச்சுருங்க. சுவத்துல மட்டும் கை வைக்க வேணாம். அதுல பதிச்சிருக்க பூக்கல்லு ஒண்ணு ஒடைஞ்சாலும் மத்தவுக என்னையத்தான் கேப்பாக."

திருமயத்திலிருந்து சூசைராஜ் வந்தான். ஆவூர்க்காரன், பெண் எடுத்த ஊரில் பிளம்பராகத் தங்கிவிட்டவன். குழாயைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன ஆச்சி, சாமி வெளக்காட்டம் மின்னுது! பொட்டு வேற வச்சிருக்கீங்க?"

"வெள்ளிக்கிழமைன்னா வைக்கிறதுதான். வெளக்கைத் துலக்குற கையோட அதையும் துலக்கிருவேன்."

"கைப்பிடி சிலுவை மாதிரி இருக்கு. இது எங்க ஆளு ஆச்சி. பொட்டு வச்சு மதம் மாத்திப்புட்டீங்களே!"

"நீ மொதல்ல சொட்டை நிறுத்து. பெறகு எந்தக் கோயிலுக்கு வேணாலும் கூட்டிட்டுப் போ."

குளியலறை வாசலில் நாற்காலியில் இருந்த கணபதியின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதுதான் அவர் சிரிப்பு.

சூசைராஜ் மாடித் தொட்டியின் வால்வை மூடிவிட்டு வந்து கைப்பிடியைக் கழற்றினான். உள்ளே திருகும் தண்டு, அவன் அதை ஸ்பிண்டில் என்றான், அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தான். சுடுதண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றினான். சிறு சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினான். பிறகு ஸ்பானரை மாட்டி, மூடும் பக்கம் ஒரு நூல் அளவு தள்ளி, திறக்கும் பக்கம் இழுத்தான். அசைந்தது.

"வருது ஆச்சி! வந்துருச்சு!"

கணபதி இடது கையை நாற்காலியில் ஊன்றி முன்னால் சாய்ந்தார். அடுத்த இழுப்பில், கருப்பட்டி உடைவது போன்ற ஒரு சத்தம். ஸ்பானரோடு தண்டின் பாதி சூசைராஜின் கையில் வந்தது. மீதி உள்ளேயே இருந்தது.

உடைந்த இடம் மஞ்சளாக இல்லை. செம்பு போலச் சிவந்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

"எதைப் போட்டுத் தேய்ப்பீங்க, ஆச்சி?"

"புளியும் உப்புந்தான். ஏன்?"

அவன் உடைந்த தண்டைக் கைக்குள் மூடிக்கொண்டான். "ஒண்ணுமில்ல. பழசு. எம்புட்டு நாளைக்குத்தான் தாங்கும்?"

புளியும் உப்பும் இடுக்கு வழியாக இறங்கி உலோகத்தைத் தின்றிருக்கின்றன என்பது, அவன் சொல்லாமல் விட்டதிலேயே அவளுக்குப் புரிந்தது. அக்கறையோடு செய்ததெல்லாம் நல்லதாகவே முடியும் என்று யாரும் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை. ஆனாலும் அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

"புதுசு வைக்க முடியாதா?"

"குழாயோட உடம்பு சுவத்துக்குள்ள இருக்கு. சுவத்தைப் பேத்தாத்தான் ஆச்சி."

தேனப்பனுக்கு மறுபடி போன் போட்டாள். "முன்னோர் படைப்புக்கு எல்லாரும் சாமி கும்பிட வருவோம்ல, அப்பப் பேசிக்கலாம். அதுவரைக்கும் ஓஸ் போட்டு ரொப்பிக்கங்க. தண்ணிதானே அண்ணமிண்டி?" என்றார். விஷயம் தண்ணீர் இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. புருஷன் எந்த நிலைக்கு வந்துவிட்டார் என்பதைப் பங்காளியிடம் விவரிக்க அவள் விரும்பவில்லை. "சரி" என்று வைத்துவிட்டாள். சூசைராஜ் குழாய் வாயில் டம்மியை முடுக்கிவிட்டுத் தலையைக் குனிந்தபடி போனான்.

மறுநாள் உச்சிப்பொழுதில், மாடித் தொட்டித் தண்ணீர் வெயிலில் சூடேறியிருந்த நேரம், அடுக்களைக் குழாயிலிருந்து ஓஸை இழுத்து வந்தாள். கணபதி தொட்டிக்குள் இருந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது.

"போதுமாங்க?"

தலையாட்ட அவரால் முடியும். ஆட்டவில்லை.

"நிறுத்தவா?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தோளுக்கு ஏறி, தொட்டி விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்து, அவள் சேலைக் கரையை நனைத்தது. கோபித்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்தாள். பிடிவாதமாகவாவது இருக்கட்டும் என்று இன்னும் சற்று நேரம் ஓஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அடுக்களைக்குப் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள். அவர் அசையாமல் அப்படியே இருந்தார். சோப்பை எடுத்துக்கொண்டு, "கையைத் தூக்குங்க" என்றாள்.

சொன்னதும் தூக்கினார். பிடிவாதம் எதுவும் இல்லை.