குழல் கோணல்

எங்கள் பக்கத்தில் குரங்கை யாரும் அடிக்க மாட்டார்கள். அது பாவம், சட்டமும் விடாது. அதனால் என் தங்கையின் கணவர் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தார். கந்தர்வக்கோட்டைக்கு அருகில் உள்ள அவர்களுடைய முந்திரித் தோப்பில், பழைய எண்ணெய்த் தகரங்களைக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார். குரங்குக் கூட்டம் இறங்கினால் ஏர் பிஸ்டலால் தகரத்தைச் சுடுவார். வெடிச் சத்தத்துக்குக் குரங்குகள் எப்போதோ பழகிவிட்டன. தலைக்கு மேல் திடீரென்று தகரம் அலறினால் மட்டும் ஓடின.

அவர் வளைகுடாவில் டிரைலர் ஓட்டுகிறவர். விடுப்பு முடிந்து அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டும். மகளின் நர்சிங் படிப்பு அந்தச் சம்பளத்தில் நடந்தது. தோப்பிலிருந்து வருவது வீட்டுச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும்.

நான் அங்கே போயிருந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிஸ்டலை என் கையில் கொடுத்தார்.

"செத்த இதைப் பாருங்க மச்சான். நேராத்தான் பிடிக்கிறேன், குண்டு இடது பக்கமாப் போவுது."

"குரங்கு இப்பல்லாம் ஓடுறதில்ல அண்ணே," என்றாள் தங்கை. "இவுக சுடுறதைப் பாக்க வரிசையா உக்காந்துருக்கு."

"நீ சும்மா இருடி. மட்டமான சாமானு. ஆன்லைன்ல வாங்குனா இப்படித்தான்."

சாமான் மட்டமானதுதான். குழலைக் கீழே மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும்; ஈயக்குண்டு ஒன்றை வைத்து நிமிர்த்தினால் சுடலாம். குழல் மடங்கும் இடத்தில் இருந்த ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. நிமிர்த்தும்போதெல்லாம் குழல் ஒரே இடத்தில் வந்து உட்காரவில்லை. ஸ்க்ரூவை முறுக்கினேன். ஆட்டம் நின்றது. மணல் நிரப்பிய பையின் மேல் பிஸ்டலை வைத்து, சுவரில் ஒட்டிய காகிதத்தில் வரைந்திருந்த புள்ளியைப் பார்த்துச் சுட்டேன். குண்டுகள் இப்போது சிதறவில்லை. புள்ளிக்குச் சற்று இடப்புறம் ஒரே இடத்தில் விழுந்தன. பின்பக்கத்தில் குறிபார்க்க இருக்கும் பட்டையை வலப்புறம் மெல்ல நகர்த்தினேன். அடுத்த குண்டு புள்ளியிலேயே பட்டது. அதற்கடுத்ததும்.

அவர் சுட்டார். காகிதத்தின் இடது ஓரம் கிழிந்தது. மறுபடியும் சுட்டார். அதே ஓரம்.

"குழலே கோணல் மச்சான். நல்லாப் பாருங்க, நடுவுல நெளிஞ்சிருக்குல்ல?"

எனக்கு நெளிவு தெரியவில்லை. அவருடைய சாமான் பெட்டியில் எஃகு ஸ்கேல் ஒன்று இருந்தது. அதைக் குழலோடு ஒட்டி வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். இரண்டுக்கும் நடுவே எங்கும் இடைவெளி இல்லை. அவரிடம் நீட்டினேன். வாங்கி, வலது கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்த ஸ்கேலும்ல கோணலா இருக்கு," என்றார்.

தங்கை சிரித்தாள். "குரங்கு வந்து மிதிச்சிருக்கும்."

நான் வாசலுக்கு எதிரே இருந்த மின்கம்பத்தைக் காட்டினேன்.

"அது என்னைக்கு நேரா நின்னுச்சு?" என்றார்.

வலது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். மூடினார். பிறகு இடது கண்ணை மூடினார். திரும்ப வலது. கம்பத்தை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தார், கதவு நிலையைப் பார்த்தார். தங்கையின் சிரிப்பு நின்றிருந்தது.

"அங்க ரோட்டுக் கோடெல்லாம் நெளிஞ்சு தெரிஞ்சுச்சு," என்றார். "வெயில்ல வண்டிக் கண்ணாடிதான் இப்படி ஆயிருச்சுன்னு கம்பெனியில சண்டை போட்டு மாத்தச் சொன்னேன். மாத்திக் குடுத்தாங்க. புதுசும் அப்படித்தான் இருந்துச்சு. மட்டமான கண்ணாடியாப் போடுறாய்ங்கன்னு நெனைச்சேன்."

"எம்புட்டு நாளா?" என்றாள் தங்கை.

"ரம்ஜானுக்கு முன்னாடியே."

கண் மருத்துவரிடம் போகலாம் என்றேன். அவர் பிஸ்டலைத் துணியில் சுற்றிக்கொண்டே பேசினார். "டாக்டர்ட்டப் போனா பேப்பர்ல எழுதிருவாங்க மச்சான். அப்புறம் அதை வச்சே கத முடிஞ்சிரும். பேசாம ஏறிப் போறேன். இந்தக் கண்ணை வச்சுத்தான இத்தனை மாசம் ஓட்டுனேன்?"

"எதுக்க ஒரு குடும்பம் கார்ல வந்தா?" என்றாள் தங்கை.

அவர் பிஸ்டலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஆனால் மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். மூவரும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனோம்.

மருத்துவர் இளம் பெண். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, நெடுநேரம் பார்த்தார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். மாத்திரை போடுவதாகச் சொன்னார் இவர். ஒழுங்காகவா என்று கேட்டதற்கு, ஞாபகம் வரும்போது என்றார்.

"விழித்திரையோட நடுவுல நீர் கோத்து வீங்கியிருக்குங்க. ஊசி போட்டுப் பாக்கலாம், வீக்கம் கொறையலாம். பார்வை பழையபடி ஆகும்னு இப்பவே சொல்ல முடியாது. இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு."

பிறகு பேனாவை எடுத்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"வெவசாயம்," என்றார்.

தயங்கவே இல்லை. அந்தப் பதிலை வரும் வழியெல்லாம் அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். மருத்துவர் எழுதத் தொடங்கினார். எனக்கு உண்மை தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டாள்.

"டிரைவருங்க," என்றாள். "வெளிநாட்டுல பெரிய டிரைலரு ஓட்டுறாக. வர்ற வாரம் போகணும்."

பேனா நின்றது. மருந்தால் விரிந்திருந்த கண்களோடு அவர், மனைவி இருந்த பக்கம் திரும்பினார். அவள் முகம் அப்போது அவருக்கு எந்த அளவு தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"இந்தக் கண்ணோட வண்டி ஓட்டக் கூடாதுங்க," என்றார் மருத்துவர். அதை எழுதவும் செய்தார்.

பஸ்ஸில் அவர் ஆண்கள் பக்கம் என்னோடு உட்கார்ந்தார். தங்கைக்கு முன்னால் இடம் கிடைத்தது. ஊர் வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை. விமானம் கிளம்ப வேண்டிய நாளில் அவர் மகளுக்குப் போன் செய்து, விடுப்பை நீட்டித்திருப்பதாகச் சொன்னார். தங்கை பக்கத்தில்தான் நின்றாள். அந்த முறை அவள் திருத்தவில்லை.