எல்லாருக்கும் குதிரை மூக்கு

நாரின் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பவர்களில் பாதிப்பேருக்குக் குதிரை மூக்கு. அதற்கு முழுப்பொறுப்பு சத்தார்குல்தான். கறுப்புக் கல்லைப் பளபளவென்று தேய்த்து, கூரான ஊசியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி, இறந்தவர் முகத்தை வெள்ளையாக எழுப்புவது அவன் பிழைப்பு. புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கொத்துவான். கை அவன் பேச்சைக் கேட்டால்தானே!

அது எஷெனாலியின் பேச்சைத்தான் கேட்கும். எஷெனாலி ஆயுசு முழுக்கக் குதிரைகளை வரைந்தே பேர் வாங்கிய ஓவியர். அவர் படங்களைப் பார்த்துப் பார்த்து வரையக் கற்றவன் சத்தார்குல். நேரில் போய்ப் பேசத்தான் தைரியம் வரவில்லை. அவர் மூக்குத் துளையில் ஆரம்பிப்பார், இவனும் அப்படியே. அங்கிருந்து கண் வரைக்கும் ஒரே நீளக் கோடு, கழுத்தில் சாய்வாகக் கீறல்கள், எல்லாம் அப்பட்டமாக அவருடையதுதான். செத்தது கணக்கு வாத்தியாரோ ரொட்டிக் கடைக்காரியோ, கல்லில் மூக்கு விடைத்து ஓடத் தயாராக நிற்பார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. குதிரை மாதிரி இருக்கிறான் என்றால் அந்த ஊரில் அது பாராட்டு.

அப்புறம் எஷெனாலியே போய்ச் சேர்ந்தார். வருஷ நினைவு விருந்துக்குள் கல் நட வேண்டும் என்று அவர் மனைவி புருல்சா புகைப்படத்தோடு வந்து நின்றாள். சத்தார்குல் ஊசியை எடுத்தான். கடவுளே, இந்த ஒரு முகமாவது மனித முகமாக வரக் கூடாதா! நெற்றியில் ஆரம்பித்தான், கோடு தள்ளாடியது. தேய்த்து அழித்துவிட்டுக் காதில் ஆரம்பித்தான், அதுவும் உருப்படவில்லை. நாசமாய்ப் போகட்டும் என்று மூக்குத் துளையில் ஊசியை வைத்தான். கை தானாக ஓடியது.

விருந்துக்கு முதல் நாள் புருல்சா வந்தாள். துணியை விலக்கினான்.

"என்னடா இது?"

"அண்ணன்தான், அக்கா..."

"உங்க அண்ணனுக்குச் சப்பை மூக்குடா! நாளைக்கு விருந்துக்கு அறுக்க ஒரு குதிரைய முற்றத்துல கட்டியிருக்கேன். அதுவும் இதுவும் கூடப் பொறந்த மாதிரி இருக்கு!"

"தேச்சுட்டுப் புதுசா போட்டுடறேன் அக்கா," என்று அவன் சாணைக் கல்லை எடுத்தான்.

"தொடாத!"

அவள் கிட்டே வந்து மூக்குத் துளையில் விரலை வைத்தாள். அப்படியே அந்தக் கோட்டோடு கண் வரைக்கும் போனாள்.

"கல்யாணமான புதுசுல என்னை உக்கார வச்சு வரைஞ்சாரு. இதே மூக்கு, இதே கோடு. படத்துல பொட்டைக் குதிரையாட்டம் நின்னேன். எத்தனையோ நாள் அவரோட பேசல." சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிரம்பிவிட்டது. "அவரு மூஞ்சி போட்டோவுல இருக்கு. அவரு கை மண்ணோட போயிடுச்சுன்னு நெனச்சேன். இங்கதான் இருக்கு!"

சத்தார்குல் சாணைக் கல்லைக் கையில் பிடித்தபடியே விசும்பி அழுதுவிட்டான்.

"அழுதது போதும். விடிஞ்சதும் கொண்டுபோய் நடு."

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணு இப்பவே சொல்லிடறேன். என் கல்லுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். நீ அந்தப் பக்கமே வரக் கூடாது!"