ஆறு உயிர்காப்புச் சட்டைகள்

மகள் வாடகைக்கு எடுத்த பாய்ப்படகில், ஒரு கரீபியன் தீவிலிருந்து அடுத்த தீவுக்கு ஏழு மணி நேரம் ஆறுதலாகப் போனோம். நான் கீழறையில் உயிர்காப்புச் சட்டைகளை மூன்றாம் தடவையாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஊரை விட்டுத் தப்பி வந்த படகில் பதினாறு பேருக்கு ஒன்றுகூட இருக்கவில்லை. அன்று பிடித்த பழக்கம்.

மேல்தட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள். “இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ! டொல்பின் எங்களோடை வருது!”

“பொறும், எண்ணிப்போட்டு வாறன்.”

“சட்டை ஆறுதான், குட்டி போடாது. வாங்கோ!”

நான் ஏறிப் போனபோது கடல் வெறுமையாகக் கிடந்தது.

“எத்தினை வந்தது?”

“ஆர் எண்ணினது? நான் பாத்துக்கொண்டெல்லோ நிண்டனான்.”

அவள் இறந்து இன்றோடு நானூற்றுப் பன்னிரண்டு நாள். லண்டன் வீட்டில் தனியே இருக்கிறேன். டொல்பினைப் பார்த்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று மகளிடம் கேட்டேன். சுக்கான் பிடித்திருந்ததால் அவளும் பார்க்கவில்லையாம்.