தூத்துக்குடியும் திசையன்விளையும் நேரில் வந்த நாள்

என் பெரியம்மாவுக்கு அறுபது வயது நிறைந்தபோது எனக்கு ஒன்பது. அறுபது என்றால் கல்யாணம் என்றுதான் எனக்குத் தெரியும். முந்தைய வருடம்தான் மாமாவுக்கு அறுபது நடந்தது. மாமாவையும் அத்தையையும் மணையில் உட்காரவைத்து, சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். அத்தைக்கு அதற்குப் பிறகு ஒரு வாரம் சளி. ஆகவே முக்கூடலில் பெரியம்மா வீட்டில் விழா என்று கேள்விப்பட்டதும், மாப்பிள்ளை யார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். பெரியம்மா கல்யாணமே செய்துகொள்ளாதவள் என்பது தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு அறுபது வயது மட்டும்தான் வரும், விழா வராது என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

மாமாவுக்கு அந்த விழாவே பிடிக்கவில்லை. அவர் பெரியம்மாவுக்கு ஒரு வயது மூத்த அண்ணன். எங்கள் குடும்பத்தில் எது முறை, எது முறையில்லை என்று சொல்லும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அறுபதுன்னா அதுக்கு ஒரு முறை இருக்குல்லா? ஒத்தையில உக்காந்து கொண்டாடுததுக்கு அது என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பொறந்தநாளா? வேணும்னா கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வா."

"அர்ச்சனையும் பண்ணுதேன் அண்ணாச்சி. சாயங்காலம் பாட்டும் வைக்கேன்."

"என்ன பாட்டு?"

"புளூஸ்."

மாமா என் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தாள். பெரியம்மா பொறுமையாக விளக்கினாள். "அமெரிக்காவுல கறுப்பு சனங்க பாடுத பாட்டு. ஒரு வரியப் பாடுவாவ. அதையே இன்னொரு மட்டம் பாடுவாவ. மூணாவது வரியில அதுக்குப் பதில் சொல்லுவாவ. மனசுல கெடக்க பாரத்தப் பைய எறக்கி வச்சிட்டு, அது மேலயே உக்காந்து சிரிக்க மாதிரி இருக்கும்."

எனக்கு அது உடனே புரிந்தது. அம்மா என்னைக் கண்டிப்பதும் அப்படித்தான். ஒரே வசனம் இரண்டு முறை வரும். மூன்றாவது முறை பதில் முதுகில் விழும். மாமாவுக்குப் புரியவில்லை. தான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

பெரியம்மா டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேசவேண்டுமென்றால் இரண்டு ஊர் ஆபரேட்டர்களும் சேர்ந்து லைனை இணைத்துக் கொடுக்கவேண்டும். ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஊர் பெயர்தான். பெரியம்மா நெல்லை; அப்போது எங்கள் குடும்பமும் அங்கேதான் இருந்தது. தூத்துக்குடியில் ஓர் ஆண் ஆபரேட்டர், திசையன்விளையில் ஒரு பெண் ஆபரேட்டர். ராத்திரி டியூட்டியில் அழைப்பு இல்லாத நேரத்தில் மூவரும் லைனிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். தூத்துக்குடியின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த கிடாரும் புளூஸ் கேசட்டுகளும் தூத்துக்குடிக்கு வந்தன. தூத்துக்குடி வாசித்தது கம்பி வழியாக மற்ற இருவருக்கும் வந்தது. கொஞ்ச நாளில் திசையன்விளையும் ஒரு மவுத் ஆர்கன் வாங்கிவிட்டாள். பிறகு ஆபரேட்டர் இல்லாமலே லைன் கிடைக்கும் காலம் வந்து, மூவரும் வேறு வேறு மேசைகளுக்குப் போனார்கள். பேச்சு மட்டும் நிற்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பேசியவர்கள், ஒருவரை ஒருவர் ஒரு நாள்கூட நேரில் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்தானே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

விழா அன்று பெரியம்மா மதியம் முதலே வாசல் கதவருகில் நின்றாள். கத்தரிப்பூ நிறத்தில் புதுப்புடவை. சவுண்டு சர்வீஸ்காரர் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய ஒலிபெருக்கிக் குழாயை வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் கட்டியிருந்தார். முதலில் ஓர் ஆட்டோ வந்தது. வழுக்கைத் தலையும் பெரிய வயிறுமாக ஒருவர் இறங்கினார். தோளில் கிடார் பை. பின்னாலேயே அவர் மனைவி, மக்ரூன் டப்பாவோடு. பெரியம்மா அவரை முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவரும் அப்படியே பார்த்தார். எனக்கே சங்கடமாக இருந்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஹலோ, நெல்லையா? தூத்துக்குடி பேசுதேன்."

பெரியம்மா கண்களை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே சொன்னாள்: "சொல்லுங்க தூத்துக்குடி. லைன்லதான் இருக்கேன்."

மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று முடிவுசெய்து, அவர் மனைவியிடமே போய், "இவுங்கதான் மாப்பிள்ளையா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு அப்பமே மாப்பிள்ளைதான் கண்ணு. வேணும்னா ஒங்க பெரியம்மாளே வச்சிக்கிடட்டும், சமையலாவது மிச்சம்" என்றாள். அம்மா என் காதைத் திருகி உள்ளே அழைத்துப் போனாள்.

திசையன்விளையும் வந்து சேர்ந்தாள். ஒல்லியாக, தடித்த கண்ணாடியோடு இருந்தாள். குரலைக் கேட்டால் அவளைவிட இரண்டு மடங்கு பெரிய ஆள் பேசுவதுபோல இருந்தது. மூவரும் எதிரெதிரே உட்கார்ந்தபோது பேச்சு வரவில்லை. காப்பி நன்றாக இருக்கிறது என்றார்கள். வெயில் அதிகம் என்றார்கள். பிறகு தூத்துக்குடி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். மற்ற இருவரும் திருப்பிக்கொண்டார்கள். மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதன்பின் ஒரே பேச்சும் சிரிப்பும்தான். சண்டை போட்டுக்கொண்டு இப்படித் திரும்பி உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிரிப்பதற்காகத் திரும்பி உட்கார்ந்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

வெயில் தாழ்ந்ததும் பின்வாசலில் கச்சேரி தொடங்கியது. பெரியம்மாவின் ஆபீஸ் ஆட்கள் கொஞ்சம், தெருக்காரர்கள் கொஞ்சம். பீடி சுற்றுகிற பெண்கள் தட்டுகளை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டார்கள். தூத்துக்குடி குழாயைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, சவுண்டு சர்வீஸ்காரரிடம் சொன்னார். "அண்ணாச்சி, இதுல புளூஸ் பாடினா ஆத்துக்கு அந்தப் பக்கம் உள்ளவனும் எந்திரிச்சு வந்து ஆறுதல் சொல்லுவான். எறக்கிருங்க." குழாய் இறங்கியது. அவர் மனைவி காலித் தண்ணீர் டிரம் ஒன்றைக் கவிழ்த்து, அதில் தாளம் தட்டினாள்.

நான் எதிர்பார்த்ததுபோல அது அழுகைப் பாட்டாக இல்லை. கிடார் ஒன்றைக் கேட்கும். மவுத் ஆர்கன் முனகிக்கொண்டே பதில் சொல்லும். இங்கிலீஷில் பாடினார்கள். பிறகு ராத்திரி டியூட்டிக்காகத் தாங்களே கட்டிய தமிழ்ப் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். அதைப் பெரியம்மா பாடினாள். அவள் பாடுவாள் என்பது அம்மாவுக்கே தெரியாது.

"லைன் கெடைக்கலியே ராசா, லைன் கெடைக்கலியே
லைன் கெடைக்கலியே ராசா, லைன் கெடைக்கலியே
கெடச்ச நேரத்துல எனக்குப் பேச ஒண்ணுமில்லியே."

பீடிப் பெண்கள் கைவேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி, "ஏ அக்கா, இது எங்க வீட்டுக் கதைல்லா!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில்தான் நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு வயல் விலைக்கு வருகிறது, அதைப் பார்க்க வந்தேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். குடைக் கைப்பிடியை அவர் விரல் தட்டிக்கொண்டிருந்தது. டிரம்மில் விழுகிற தாளத்துக்குச் சரியாக விழுந்தது.

பாட்டு முடிந்ததும் எழுந்து முன்னால் வந்தார். பெரியம்மாவின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏட்டி" என்றார். "டியூட்டி முடிஞ்சு விடியக்காலம் ஒன்னச் சைக்கிள்ல கூட்டிட்டு வருவேன்லா. பின்னால உக்காந்து முனங்கிட்டே வருவியே, அது இந்தப் பாட்டா?"

"ஆமா அண்ணாச்சி."

"நான் அதத் தேவாரம்னுல்லா நெனச்சேன்!"

தூத்துக்குடி கிடாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். திசையன்விளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பெரியம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். அன்றைக்கு முழுக்கக் கேட்டதிலேயே எனக்குத் தெளிவாகப் புரிந்த வேடிக்கை அது ஒன்றுதான்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. அத்தனை வருடம் தங்கையைப் பின்னால் உட்காரவைத்துச் சைக்கிள் மிதித்தவர் அவர். பெரியம்மா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, தூத்துக்குடியைப் பார்த்தார்.

"அதையே இன்னொரு மட்டம் வாசிங்க" என்றார்.

வயதாகிவிட்டதால் மாமாவுக்கு முதல் தடவை சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.