நாவலடிக்குப்பம் ரெண்டு

மார்ச் 8, 2025, சனிக்கிழமை. காலையில் பேர்லேண்ட் கோயில். மதியம் மகளுடன் ஹூஸ்டனில் ஓவியக் காட்சி. பழைய டச்சு ஓவியர் ஒருவரின் படத்துக்குக் கீழிருந்த குறிப்பை அவள் படித்துச் சொன்னாள்: “அம்மா, கனடாவுல ஒரு கிரீ பழங்குடி ஊருக்கு இந்த பெயின்டர் பேரை வெச்சிருந்தாங்களாம். இப்ப அவங்க ஓல்ட் நேமையே திரும்ப வெச்சுட்டாங்க.”

சுரங்கத்துக்காக எங்கள் நாவலடிக்குப்பத்தை எடுத்துக்கொண்டு, குடியேற்றிய இடத்துக்கு ‘பிளாக் பதினெட்டு’ என்று பெயர் வைத்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா மட்டும் பஸ்ஸில், “நாவலடிக்குப்பம் ரெண்டு” என்றே டிக்கெட் கேட்பாள்.

“குழிக்குள்ள இறங்கப் போறியாம்மா?” என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும்.

ஒருநாள் நான், “மானத்த வாங்காதம்மா. பிளாக் பதினெட்டுன்னு சொல்லு” என்று சீறினேன். அதன்பிறகு சாகும்வரை அம்மா என்னெதிரில் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. டிக்கெட்டை என்னையே கேட்கச் சொல்லிவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஓவியக் காட்சிக்குப் போய்வந்த மறுநாள் காலை, காபிகூடப் போடாமல், அம்மா படத்தின் முன் நின்று, “நாவலடிக்குப்பம் ரெண்டு” என்றேன்.